டவுன் சிண்ட்ரோமும் 21-ஆம் குரோமோசோமும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தை பிறந்த சில நாட்களில் கொஞ்சம் ரத்தம் எடுத்து அனுப்புகிறார்கள். கொஞ்ச நாள் கழித்து ஒரு தாள் வருகிறது. அதில் 47 என்று ஓர் எண், கடைசியில் கூட்டல் குறியோடு ஒரு 21. டாக்டர் விளக்கத்தான் செய்கிறார். ஆனால் அந்த நேரத்தில் காதில் எதுவும் ஏறுவதில்லை. வீட்டுக்கு வந்தபிறகுதான் கேள்விகள் ஒவ்வொன்றாக எழும். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை. டவுன் சிண்ட்ரோம் செல்லுக்குள் எப்படி உருவாகிறது என்பதைப் புரிந்துகொண்டால், யார்மீதும் பழி போட இடமில்லை என்பது தெரியும். அந்தத் தாளிலுள்ள ஒற்றை வரி அடுத்த குழந்தைக்கும், சில குடும்பங்களில் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும்கூட ஏன் முக்கியம் என்பதும் தெரியும்.

குரோமோசோம் என்றால் என்ன?

நம் உடலிலுள்ள ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் டிஎன்ஏ என்ற நீளமான இழை இருக்கிறது. அது தனித்தனித் துண்டுகளாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு குரோமோசோம். மனிதருக்கு 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மாவிடமிருந்து வந்தது, மற்றது அப்பாவிடமிருந்து வந்தது. 22 ஜோடிகளுக்கு 1 முதல் 22 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். கடைசி ஜோடி ஆணா பெண்ணா என்பதோடு தொடர்புடைய எக்ஸ், ஒய்.

46 என்ற இந்த எண்ணே பழையது இல்லை. 1956 வரை மனிதருக்கு 48 குரோமோசோம்கள் என்றுதான் பாடப்புத்தகங்களில் இருந்தது. அந்த ஆண்டு ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் சியோவும் ஆல்பர்ட் லேவனும் சேர்ந்து சரியாக எண்ணிச் சொன்னார்கள். இயல்பான எண்ணிக்கை தெரிந்த பிறகுதானே கூடுதல் எது என்று பார்க்க முடியும்? மூன்றே ஆண்டுகளில் டவுன் சிண்ட்ரோமின் காரணமும் பிடிபட்டது.

டவுன் சிண்ட்ரோமில் என்ன மாறியிருக்கிறது?

21-ஆம் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருக்கிறது. இதைத்தான் டிரைசோமி 21 என்கிறார்கள். 'டிரை' என்றால் மூன்று. சிலருக்கு முழுக் குரோமோசோம் தனியாகக் கூடுதலாக இருக்கும். சிலருக்கு அது இன்னொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வேறு சிலருக்கு உடலின் ஒரு பகுதிச் செல்களில் மட்டும் கூடுதலாக இருக்கும். எந்த வடிவத்தில் வந்தாலும் 21-ஆம் குரோமோசோமில் உள்ள மரபுச் செய்திகள் மூன்று பிரதிகளாக இருப்பதுதான் காரணம்.

உலக அளவில் தோராயமாக 700 முதல் 1,000 பிரசவங்களுக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. எல்லா இனத்திலும் எல்லா நாட்டிலும் பிறக்கிறது.

ஏன் 21-ஆம் குரோமோசோம் மட்டும்? மற்றவை கூடுதலாக வராதா?

வரும். ஆனால் அந்தக் கருக்கள் பெரும்பாலும் தங்குவதில்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கலைந்துபோகும் கருக்களில் ஏறத்தாழ பாதியில் ஏதாவது ஒரு குரோமோசோம் கூடவோ குறையவோ இருக்கும். பெரிய குரோமோசோமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருப்பதால், அது ஒன்று கூடினாலே கரு வளர முடியாது.

21-ஆம் குரோமோசோம்தான் இருப்பதிலேயே சிறியது. எண் கொடுத்த காலத்தில் 22-ஐவிட இது பெரியது என்று நினைத்திருந்தார்கள். பிறகுதான் இதுவே கடைசி என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் '21' என்ற எண் டவுன் சிண்ட்ரோமோடு சேர்ந்தே பழகிவிட்டதால் மாற்றவில்லை. மனிதருக்குப் புரதம் தரும் மரபணுக்கள் சுமார் 20,000. இதில் இருப்பவை அவற்றில் இருநூற்றுச் சொச்சம்தான். அதனால்தான் மூன்று பிரதிகள் இருந்தும் ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, பெரியவராகி வாழ முடிகிறது. மரபணுக்கள் குறைவாக உள்ள 13, 18 ஆகிய குரோமோசோம்கள் கூடும்போதும் குழந்தை பிறப்பதுண்டு. ஆனால் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலானோர் முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை.

டிரைசோமி 21 உள்ள கருக்களிலும் பாதிக்கு மேல் பிறப்பதற்கு முன்பே கலைந்துவிடுகின்றன. உங்கள் கையில் இருக்கும் குழந்தை அந்தக் கடினமான வழியைத் தாண்டி வந்த குழந்தை.

அந்தக் கூடுதல் குரோமோசோம் எங்கிருந்து வந்தது?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சாதாரணச் செல்லில் 46 குரோமோசோம்கள். கருமுட்டையிலும் விந்தணுவிலும் மட்டும் 23 தான் இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் சேரும்போது மறுபடி 46 வரும். 46-ஐ 23 ஆக்குவதற்கு ஒரு தனிவகைச் செல் பிரிவு நடக்கிறது. அதை மியோசிஸ் என்கிறார்கள். அது இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் ஒவ்வொரு ஜோடியிலும் உள்ள இரண்டு குரோமோசோம்களும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போகும். இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொரு குரோமோசோமும் நீளவாக்கில் இரண்டாகப் பிரியும்.

இந்த இரண்டு கட்டத்தில் ஏதாவது ஒன்றில், பிரிய வேண்டிய 21-ஆம் குரோமோசோம்கள் பிரியாமல் ஒரே பக்கம் போய்விடுவதுண்டு. மருத்துவத்தில் இதற்கு நான்-டிஸ்ஜங்ஷன் என்று பெயர். தமிழில் 'பிரியாமை' என்றே சொல்லலாம். அப்படி நடந்த கருமுட்டையில் 21-ஆம் குரோமோசோம் இரண்டு இருக்கும். விந்தணு தன் பங்குக்கு ஒன்று கொண்டுவரும். மொத்தம் மூன்று. அந்த ஒற்றைச் செல்லிலிருந்துதான் குழந்தையின் உடல் முழுவதும் உருவாகிறது. எனவே ஒவ்வொரு செல்லிலும் மூன்று இருக்கும்.

1990-களில் பெற்றோர், குழந்தை மூவரின் டிஎன்ஏவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கூடுதல் குரோமோசோம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளில் கருமுட்டை வழியாகவே வந்திருந்தது. அதிலும் பெரும்பகுதி முதல் கட்டப் பிரிவில் நடந்த தவறு. மிச்சம் உள்ளதில் சில விந்தணுவில் நடந்தவை, இன்னும் சில கரு உண்டான பிறகு முதல் சில செல் பிரிவுகளில் நடந்தவை.

அப்படியானால் அம்மாதான் காரணமா?

இல்லை. 'கருமுட்டையில் நடந்தது' என்பதும் 'அம்மா செய்தது' என்பதும் ஒன்றல்ல. இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எத்தனையோ வீடுகளில் அந்த ஒரு வாக்கியத்தை வைத்து ஒரு பெண்ணை வருடக்கணக்கில் நோகடித்திருக்கிறார்கள்.

ஒரு பெண்ணின் கருமுட்டைகள் எல்லாம் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகத் தொடங்கிவிடுகின்றன. மியோசிஸின் முதல் கட்டமும் அப்போதே ஆரம்பித்து, பாதியில் நின்றுவிடுகிறது. ஜோடி ஜோடியாகச் சேர்ந்து நின்ற குரோமோசோம்கள் அப்படியே காத்திருக்கும். அந்தப் பெண் பருவமடைந்து, ஒவ்வொரு மாதமும் ஒரு முட்டை வெளிவரும் நேரத்தில்தான் நின்றுபோன வேலை மறுபடி தொடரும். இரண்டாம் கட்டம் முடிவதோ விந்தணு உள்ளே நுழைந்த பிறகு. அதாவது, 30 வயதில் வெளிவரும் முட்டை முப்பது ஆண்டுகளாகப் பாதி வேலையோடு காத்திருந்த செல்.

இத்தனை காலமும் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருப்பவை கொஹீசின் என்ற புரத வளையங்கள். ரப்பர் வளையம் நாள்பட நாள்பட இற்றுப்போவதுபோல இவையும் தளர்ந்துபோகின்றன. புதிதாக மாற்றிக்கொள்ளும் வசதி அந்தச் செல்லில் அநேகமாக இல்லை. பிடி தளர்ந்தால், இழுக்கும்போது குரோமோசோம்கள் தப்பான பக்கம் போகும் வாய்ப்பு கூடுகிறது. இன்னொன்றும் உண்டு. ஜோடியாக நிற்கும் குரோமோசோம்கள் ஒன்றுக்கொன்று சில துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அந்த மாற்றம் நடந்த இடம்தான் அவற்றுக்கு ஒரு முடிச்சு மாதிரி. 21-ஆம் குரோமோசோம் மிகச் சிறியது என்பதால், அதில் சிலசமயம் அந்த முடிச்சு விழாமலே போகிறது, அல்லது சரியில்லாத இடத்தில் விழுகிறது. இது அந்தப் பெண் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன விஷயம். இளம் வயதுத் தாய்மார்களுக்கும் டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறப்பதற்கு இது ஒரு காரணம்.

இதில் யார் எதைக் கட்டுப்படுத்தியிருக்க முடியும்?

நான் சாப்பிட்டது, வேலை செய்தது, கவலைப்பட்டது, பயணம் போனது… இவற்றால் வந்திருக்குமா?

வராது. கர்ப்பம் தெரிய வருவதற்குள் குரோமோசோம் எண்ணிக்கை முடிவாகிவிட்டது. கர்ப்ப காலத்தில் நீங்கள் செய்த எதுவும் 46-ஐ 47 ஆக்கியிருக்காது. ஃபோலிக் அமில மாத்திரையைச் சரியாகப் போடவில்லையே என்று சிலர் வருந்துகிறார்கள். அந்த மாத்திரை குழந்தையின் தண்டுவடக் குறைபாடுகளைக் குறைக்கிறது, அதனால் கட்டாயம் போட வேண்டும். ஆனால் டவுன் சிண்ட்ரோமைத் தடுக்கும் என்று நிரூபணம் ஆகவில்லை. ரத்த உறவில் திருமணம் செய்துகொண்டவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அது வேறு சில மரபு நோய்களின் வாய்ப்பைக் கூட்டும். பிரியாமைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

அம்மாவின் வயது எவ்வளவு முக்கியம்?

முக்கியம்தான், ஆனால் பலர் நினைப்பதுபோல 35-இல் திடீரென்று ஒரு கதவு திறப்பதில்லை. பிரசவத்தின்போது தாயின் வயது 20 என்றால் ஏறத்தாழ 1,500-இல் ஒன்று. 30 வயதில் சுமார் 900-இல் ஒன்று. 35-இல் 350-இல் ஒன்று, 40-இல் 100-இல் ஒன்று, 45-இல் 30-இல் ஒன்று. படிப்படியாக ஏறி, முப்பதுகளின் பின்பாதியில் வேகம் பிடிக்கிறது.

இதையே திருப்பிப் பாருங்கள். 40 வயதில் கருவுற்றாலும் நூறில் தொண்ணூற்றொன்பது குழந்தைகளுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்காது. இன்னொரு பக்கம், பெரும்பாலான பெண்கள் 35-க்குள் பிள்ளை பெற்றுவிடும் சமூகங்களில், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிலும் பெரும்பாலோர் இளம் தாய்மார்களுக்கே பிறக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு குறைவு, ஆனால் பிரசவங்கள் அதிகம். 'உனக்கு வயது 24 தானே, எப்படி வந்தது' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

தாயின் வயதுக்கும் டவுன் சிண்ட்ரோமுக்கும் உள்ள தொடர்பை, குரோமோசோம் விஷயம் தெரிவதற்கு முன்பே, 1933-இல் இங்கிலாந்தின் லயனல் பென்ரோஸ் குடும்பங்களை ஆராய்ந்து காட்டினார். தந்தையின் வயதோ எத்தனையாவது குழந்தை என்பதோ அல்ல, தாயின் வயதே கணக்கில் வருகிறது என்று பிரித்துச் சொன்னவர் அவர்.

எல்லோருக்கும் ஒரே வகைதானா?

மூன்று வகைகள். சுமார் 95 சதவீதம் பேருக்கு மேலே சொன்ன பிரியாமை வகை. 21-ஆம் குரோமோசோம் மூன்றும் தனித்தனியாக நிற்கும். 3 முதல் 4 சதவீதம் பேருக்கு டிரான்ஸ்லொகேஷன், அதாவது இடமாற்ற வகை. மிச்சமுள்ள 1 முதல் 2 சதவீதம் மொசைக் வகை.

டிரான்ஸ்லொகேஷன் என்றால் என்ன? எங்களுக்கு அதுதான் என்கிறார்கள்.

எண்ணிக்கையில் குறைவானாலும் குடும்பத்துக்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டிய வகை இது.

13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்து குரோமோசோம்களுக்கு ஓர் ஒற்றுமை உண்டு. ஒரு பக்கம் நீளமான கை, மறுபக்கம் மிகக் குட்டையான கை. அந்தக் குட்டைக் கையில் இருக்கும் மரபணுக்கள் மற்ற நான்கிலும் திரும்பத் திரும்ப இருப்பதால், அது தொலைந்தாலும் உடலுக்கு நஷ்டம் இல்லை. சிலசமயம் இவற்றில் இரண்டு குரோமோசோம்கள் குட்டைக் கைகளை விட்டுவிட்டு, நீளக் கைகளோடு ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. ராபர்ட்சோனியன் டிரான்ஸ்லொகேஷன் என்று பெயர். டவுன் சிண்ட்ரோமில் அதிகம் காணப்படுவது 14-உம் 21-உம் ஒட்டியது.

இரண்டு நூல்களை முடிச்சுப் போட்டுவிட்டால் எண்ணிக்கையில் ஒன்று குறையும். நூலின் நீளம் குறையாது. அதேபோல ஒருவருக்கு 14-உம் 21-உம் ஒட்டியிருந்தால், எண்ணும்போது 45 தான் வரும். ஆனால் செய்தி எதுவும் குறையாததால் அவர் முழு ஆரோக்கியத்தோடு இருப்பார். தனக்கு அப்படி இருப்பதே அவருக்குத் தெரியாது. இவரைச் சமநிலைக் கடத்தி, கேரியர் என்கிறார்கள்.

சிக்கல் வருவது அவருக்குக் குழந்தை பிறக்கும்போது. ஒட்டிய குரோமோசோம், தனி 14, தனி 21 என்ற மூன்றையும் கருமுட்டைக்கோ விந்தணுவுக்கோ பங்கிட ஆறு வழிகள் உண்டு. தனி 14-உம் தனி 21-உம் போனால் குழந்தைக்கு இயல்பான குரோமோசோம்கள். ஒட்டியது மட்டும் போனால் குழந்தையும் பெற்றோரைப்போலவே ஆரோக்கியமான கேரியர். ஒட்டியதும் தனி 21-உம் சேர்ந்து போனால் டவுன் சிண்ட்ரோம். மற்ற மூன்று வழிகளிலும் உண்டாகும் கரு தங்காது. காகிதத்தில் கணக்குப் போட்டால், தங்கும் மூன்றில் ஒன்று டவுன் சிண்ட்ரோம் என்று வரும். நடப்பில் அவ்வளவு இல்லை. தாய் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் சுமார் 10 முதல் 15 சதவீதம். தந்தை கேரியர் என்றால் ஏறத்தாழ 1 சதவீதம்.

இந்த வகையில் கூடுதல் செய்தி வந்த குழந்தைக்கு எண்ணிக்கை 46 என்றே இருக்கும். '46 என்று போட்டிருக்கிறதே, அப்புறம் ஏன் டவுன் சிண்ட்ரோம் என்கிறார்கள்' என்ற குழப்பம் இங்கேதான் வருகிறது. 46-இல் ஒன்று இரட்டைக் குரோமோசோம், அதற்குள் மூன்றாவது 21 ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் இது பரம்பரையாக வருவதா?

டிரான்ஸ்லொகேஷன் வகையிலும் பெரும்பாலானவை அந்தக் குழந்தையிடமே புதிதாக உண்டானவை; பெற்றோர் இருவருக்கும் இயல்பான குரோமோசோம்களே இருக்கும். மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோ மட்டும் கேரியராக உள்ள தாய் அல்லது தந்தையிடமிருந்து வந்திருக்கும். எது என்று ஊகிக்க முடியாது. பெற்றோர் இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால்தான் தெரியும். ஒருவர் கேரியர் என்று தெரிந்தால், அவருடைய உடன்பிறந்தவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். அவர்களும் கேரியராக இருக்கக்கூடும், குழந்தை பெறும் வயதில் இருக்கக்கூடும். இதை மறைத்துவைப்பதால் யாருக்கும் நன்மை இல்லை.

மிக அரிதாக, 21-உம் 21-உமே ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட கேரியருக்குப் பிறந்து நிலைக்கும் குழந்தைகள் அனைவருக்கும் டவுன் சிண்ட்ரோம் இருக்கும். இதைச் சொல்வது மனதுக்குக் கஷ்டம். ஆனாலும் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே அந்தத் தம்பதிக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மொசைக் வகை?

உடலின் சில செல்களில் 47, மற்றவற்றில் 46. இது இரண்டு விதமாக நேரலாம். தொடக்கத்தில் மூன்று 21-ஓடு உண்டான கரு, வளரும்போது சில செல்களில் கூடுதலானதை இழந்துவிடலாம். அல்லது இயல்பாக உண்டான கருவில், பிறகு நடந்த ஒரு செல் பிரிவில் பிரியாமை நேர்ந்திருக்கலாம்.

மொசைக் என்றதும் 'லேசான வகை' என்று சந்தோஷப்படுகிறார்கள். பொதுவாகப் பார்த்தால் சில குழந்தைகளுக்குப் பாதிப்பு குறைவாக இருப்பது உண்மை. ஆனால் ரத்தத்தில் 30 சதவீதம் செல்களில் கூடுதல் இருக்கிறது என்பதால் மூளையிலும் இதயத்திலும் அதே 30 என்று சொல்ல முடியாது. அந்த எண்ணை வைத்து குழந்தையின் எதிர்காலத்தைக் கணிக்க வேண்டாம். இதயப் பரிசோதனை, தைராய்டு, காது, கண் எல்லாம் இவர்களுக்கும் அதேபோல் பார்க்க வேண்டும்.

வகையைப் பொறுத்து குழந்தையின் வளர்ச்சி மாறுமா?

பிரியாமை வகைக்கும் டிரான்ஸ்லொகேஷன் வகைக்கும் குழந்தையிடம் வித்தியாசம் தெரியாது. வகை தேவைப்படுவது பெற்றோரின் அடுத்த முடிவுகளுக்கு.

மூன்றாவது பிரதி இருப்பதால் உடலில் என்ன ஆகிறது?

அந்த மரபணுக்கள் கெட்டுப்போனவை இல்லை. மூன்றுமே நல்ல மரபணுக்கள்தான், அளவுதான் பிரச்சினை. இரண்டு பிரதிகள் தர வேண்டிய புரதத்தை மூன்று பிரதிகள் தரும்போது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு உருவாகிறது. அந்தக் கூடுதல், மற்ற குரோமோசோம்களில் உள்ள மரபணுக்களின் வேலையையும் அசைக்கிறது. கருவில் இதயத்தின் அறைகளுக்கு நடுவே சுவர் உருவாகும் நேரம், மூளைச் செல்கள் பெருகும் வேகம், தசைகளின் இறுக்கம் எல்லாம் இதில் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகின்றன.

சில மரபணுக்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஏபிபி என்ற மரபணு 21-இல்தான் இருக்கிறது. அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு இதன் புரதத்திலிருந்தே வருகிறது. அதனால்தான் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அந்த நோய் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வரக்கூடும். மூளை வளர்ச்சியில் பங்குள்ள டிஒய்ஆர்கே1ஏ என்ற மரபணுவும் இங்கேதான். ஆனால் 'இந்த மரபணு, இந்த அறிகுறி' என்று எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருத்திவிட முடியாது. ஒரே டிரைசோமி இருந்தும், ஒரு குழந்தைக்கு இதயத்தில் துளை இருக்கும், இன்னொரு குழந்தையின் இதயம் முழுக்கச் சரியாக இருக்கும். மற்ற 22 ஜோடிகளும் ஒவ்வொருவருக்கும் வேறு அல்லவா? உங்கள் குழந்தை முதலில் உங்கள் குடும்பத்துக் குழந்தை.

ரிப்போர்ட்டில் உள்ள அந்த வரியை எப்படிப் படிப்பது?

முதல் எண் மொத்தக் குரோமோசோம்கள். அடுத்து எக்ஸ்எக்ஸ் என்றால் பெண், எக்ஸ்ஒய் என்றால் ஆண். அதற்கடுத்து மாற்றம். '47, எக்ஸ்ஒய், +21' என்றால், ஆண் குழந்தை, தனியாக ஒரு 21 கூடுதல், பிரியாமை வகை. ரிப்போர்ட்டில் எழுத்துகள் ஆங்கிலத்தில் இருக்கும், வரிசை இதேதான்.

'46' என்று ஆரம்பித்து நடுவில் 'டெர்' அல்லது 'ராப்' என்ற மூன்றெழுத்தும், அடைப்புக்குள் (14;21) போன்ற இரண்டு எண்களும் இருந்தால் டிரான்ஸ்லொகேஷன். ஒரு சாய்கோடு போட்டு 47 ஒரு பக்கம், 46 மறுபக்கம் என்று இருந்தால் மொசைக். சதுர அடைப்புக்குள் உள்ள எண்கள் எத்தனை செல்களில் அப்படி இருந்தது என்பதைச் சொல்லும்.

இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். பத்து வருடம் கழித்தும் யாராவது கேட்பார்கள்.

முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்கிறார்கள். அப்புறம் எதற்கு இந்தப் பரிசோதனை?

அனுபவமுள்ள டாக்டருக்குப் பார்த்ததும் தெரியலாம். ஆனால் எந்த வகை என்று முகத்தில் எழுதியிருக்காது. காரியோடைப் என்ற இந்தப் பரிசோதனையை 'தெரிந்ததுதானே' என்று தவிர்த்துவிட்டு, அடுத்த கர்ப்பம் வந்தபிறகு அவசர அவசரமாகத் தேடுகிற குடும்பங்கள் உண்டு. முதல் குழந்தைக்கே செய்துவிடுங்கள்.

ரிப்போர்ட் வர நாளாவதற்குக் காரணம் இருக்கிறது. குரோமோசோம்கள் செல் பிரியும் நேரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கி நிற்கும். அதனால் ரத்தத்தின் வெள்ளை அணுக்களை மூன்று நாள் வளர்த்து, பிரியும் தருணத்தில் கால்சிசின் வகை மருந்தால் நிறுத்தி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொரு செல்லாக எண்ணுகிறார்கள். ஃபிஷ், க்யூஎஃப்-பிசிஆர் போன்ற விரைவுப் பரிசோதனைகள் ஓரிரு நாளில் 'மூன்று இருக்கிறது' என்று சொல்லிவிடும். ஆனால் அந்த மூன்றாவது தனியாக நிற்கிறதா, ஒட்டியிருக்கிறதா என்று பொதுவாக அவற்றில் தெரியாது. எனவே விரைவு ரிப்போர்ட் வந்தாலும் முழுக் காரியோடைப்புக்குக் காத்திருங்கள்.

அடுத்த குழந்தைக்கும் வருமா?

முதல் குழந்தைக்குப் பிரியாமை வகை என்றால், இளம் தாய்க்குச் சுமார் 1 சதவீதம். வயது கூடியிருந்தால், அந்த வயதுக்குரிய வாய்ப்பு எதுவோ அதுவே. நூறில் ஒன்று என்பது அதே வயதுள்ள மற்றவர்களைவிட அதிகம்தான். ஒரு காரணம், சில பெற்றோரின் சினைப்பை அல்லது விதைப்பைச் செல்களில் ஒரு சிறு பகுதி மட்டும் டிரைசோமியோடு இருக்கக்கூடும்; ரத்தத்தில் அது தெரியாது. டிரான்ஸ்லொகேஷன் வகையில், பெற்றோர் இருவருக்கும் இயல்பான குரோமோசோம்கள் என்றால் வாய்ப்பு மிகவும் குறைவு. கேரியர் என்றால் மேலே சொன்ன கணக்கு. முடிவெடுக்கும் முன் மரபு ஆலோசகரான ஜெனட்டிக் கவுன்சலரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.

கர்ப்பத்திலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும், ஆனால் ஸ்கிரீனிங் வேறு, உறுதி செய்வது வேறு. முதல் மூன்று மாத ஸ்கேனில் கருவின் கழுத்தின் பின்புற நீரளவு, தாயின் ரத்தத்தில் சில ஹார்மோன் அளவு இரண்டையும் சேர்த்து ஒரு வாய்ப்பைக் கணக்கிடுவார்கள். என்ஐபிடி என்ற ரத்தப் பரிசோதனை 10-ஆவது வாரத்திலிருந்து செய்யலாம். தாயின் ரத்தத்தில் மிதக்கும் நஞ்சுக்கொடியின் டிஎன்ஏ துண்டுகளை எண்ணிப் பார்ப்பது அது. டிரைசோமி 21-ஐ நூற்றுக்கு 99 தடவைக்கு மேல் பிடித்துவிடும். ஆனாலும் அது பார்ப்பது நஞ்சுக்கொடியை. குழந்தைக்கு இல்லாத மாற்றம் நஞ்சுக்கொடியில் மட்டும் இருந்த சந்தர்ப்பங்கள் உண்டு. 'பாசிட்டிவ்' என்று வந்ததுமே எந்த முடிவும் எடுக்கக் கூடாது. 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுத்திசுவிலிருந்தோ, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரிலிருந்தோ செல் எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. அவற்றில் கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு என்பதால் எல்லோருக்கும் செய்வதில்லை.

இரட்டைக் குழந்தைகள் என்றால்?

ஒரே முட்டையிலிருந்து பிரிந்தவர்கள் என்றால் பெரும்பாலும் இருவருக்கும் இருக்கும். தனித்தனி முட்டைகள் என்றால் பொதுவாக ஒருவருக்கு மட்டும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் குழந்தை பிறக்குமா?

பெண்களில் பலருக்கு முடியும். அவர்களுடைய முட்டைகளில் கணக்குப்படி பாதியில் கூடுதல் 21 இருக்கும். ஆண்களில் தந்தையானவர்கள் மிகச் சிலரே மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். பருவ வயதை நெருங்கும் மகளுக்கு, மகனுக்கு, அவர்களுக்குப் புரியும் மொழியில் உடலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நம் கடமை.

இதை யார் கண்டுபிடித்தார்கள்? ஏன் 'டவுன்'?

ஆங்கிலத்தில் 'டவுன்' என்றால் கீழே என்று பொருள் என்பதால் தாழ்வான பெயர் என்று நினைக்கிறார்கள். அது ஓர் ஆளின் பெயர். 1866-இல் இந்தக் குழந்தைகளின் பொதுவான தோற்றத்தை முதலில் தொகுத்து எழுதிய ஆங்கில மருத்துவர் ஜான் லாங்டன் டவுன். அவர் சூட்டிய பெயர் ஓர் இனத்தையே இழிவுபடுத்துவதாக இருந்தது. மங்கோலிய அரசு கேட்டுக்கொண்டபின் 1965-இல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டது. யாராவது இன்னும் அந்தப் பழைய சொல்லைச் சொன்னால் தயங்காமல் திருத்துங்கள்.

கூடுதல் குரோமோசோமை அறிவித்து 1959 ஜனவரியில் பாரிஸிலிருந்து வந்த ஆய்வுக் கட்டுரையில் மூன்று பெயர்கள் இருந்தன: ழெரோம் லெழூன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்ப்பேன். செல்களை வளர்க்கும் ஆய்வகத்தை உருவாக்கி, தன் கையால் திசுக்களை வளர்த்து, 47 என்பதைக் காணக்கூடிய ஸ்லைடுகளைத் தயாரித்தவர் கோத்தியே என்ற இளம் பெண் மருத்துவர். புகழ் பல ஆண்டுகள் லெழூனுக்கே போனது. 2014-இல்தான் பிரான்சின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான இன்செர்மின் நெறிமுறைக் குழு கோத்தியேயின் பங்கை வெளிப்படையாக அங்கீகரித்தது. அவர் 2022-இல் காலமானார். மார்ச் 21-ஐ உலக டவுன் சிண்ட்ரோம் நாளாகக் கொண்டாடுவது மூன்றாவது 21-ஐக் குறிக்கத்தான். 2012 முதல் ஐக்கிய நாடுகள் சபையும் கடைப்பிடிக்கிறது. அந்த நாளில் கோத்தியேயையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் குரோமோசோமை நீக்க முடியுமா?

இன்றைக்கு முடியாது. பெண்களின் செல்களில் இரண்டு எக்ஸ்-இல் ஒன்றைச் செயலிழக்க வைப்பது எக்ஸ்ஐஎஸ்டி என்ற மரபணு. 2013-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகக் குழுவினர் அதை எடுத்து, மூன்றாவது 21-இல் பொருத்தி, ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் அந்தக் குரோமோசோமை மௌனமாக்கிக் காட்டினார்கள். தட்டில் உள்ள செல்லுக்கும் வளர்ந்த குழந்தைக்கும் நடுவே இன்னும் வெகுதூரம் இருக்கிறது. குரோமோசோமைச் சரிசெய்கிறோம் என்று மருந்தோ ஊசியோ விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பலன் தருவது வேறு. இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இதயக் குறை இருக்கிறது. ஸ்டெதாஸ்கோப்பில் எதுவும் கேட்காவிட்டாலும் பிறந்ததும் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும், அறுவைசிகிச்சை தேவையென்றால் காலத்தில் செய்ய வேண்டும். தைராய்டைப் பிறந்தவுடன், பிறகு 6-ஆவது மாதம், ஒரு வயது, அப்புறம் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். காது, கண் பரிசோதனை, சீக்கிரமே தொடங்கும் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் சேர வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இவர்களின் சராசரி ஆயுள் 25 வயதை ஒட்டியிருந்தது. இப்போது நல்ல மருத்துவ வசதி கிடைக்கும் இடங்களில் 60-ஐ எட்டியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் குரோமோசோம் மாறவில்லை, 47 தான்.